பேர், அரைப்பேர்

1953 ஜனவரியில் விவியன் லீ இலங்கைக்கு வந்தபோது அவருக்கு வயது 39 ஆண்டும் 2 மாதமும். பரமவுண்ட் நிறுவனம் எடுத்த ‘எலிஃபண்ட் வோக்’ என்ற வண்ணப் படத்தில், தேயிலைத் தோட்டத்துத் துரையின் மனைவியாக நடிக்க வந்திருந்தார். மார்ச் மாதத்துக்குள் அந்த வேடம் அவர் கையை விட்டுப் போனது. மனநலம் குலைந்த நிலையில் அவர் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவருடைய இடத்தில் 21 வயது எலிசபெத் டெய்லர் ஒப்பந்தம் செய்யப்பட்டார். 1954-இல் வெளிவந்த படத்தின் நீளம் 103 நிமிடம். இலங்கையில் எடுத்த தூரக் காட்சிகள் சிலவற்றில் நடந்து போவது லீ. கிட்டக் காட்சிகளில் தெரியும் முகம் டெய்லருடையது. வேடம் 1, அதைச் செய்த பெண்கள் 2, எழுத்தோட்டத்தில் உள்ள பெயர் 1.

இலங்கையின் ஊவா மலைகளில், பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில், ‘பேர்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, ஆளின் பெயர். மற்றது, அந்தப் பெயருக்கு நேரே செக்ரோலில், அதாவது தோட்டத்துப் பெயர்ப் பதிவேட்டில், விழும் ஒரு நாள் முழுக்கூலி. பறித்த கொழுந்து நிறுவையில் குறைந்தால் விழுவது அரைப்பேர். ஆகவே தோட்டக் கணக்கில் ஒரு பெண்ணின் நாள் 1 ஆக இருக்கும், அல்லது 0.5 ஆக இருக்கும். ஒரு நடிகையின் வாழ்நாள் கணக்கையும் இந்தச் செக்ரோல் கணக்கையும் ஒரே தாளில் எழுதிப் பார்ப்பதே இங்கே செய்யப்படும் வேலை. டொலரை ரூபாவாக்கி இரு பெண்களின் வருமானத்தையும் நான் ஒப்பிடவில்லை. அப்படிச் செய்தால் கிடைப்பது அதிர்ச்சி மட்டுமே. ஒப்பிடுவது விகிதங்களை: ஒவ்வொரு இடத்திலும் பக்கத்தில் நின்று வேலை செய்த ஆணுக்கு 100 என்றால் பெண்ணுக்கு எத்தனை என்பதை.

லீ பிறந்தது 1913 நவம்பர் 5 அன்று, டார்ஜிலிங்கில். பிறப்புப் பெயர் விவியன் மேரி ஹார்ட்லி. அந்த நகரத்தின் உயரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,045 மீட்டர். 1917-இல் தந்தை பெங்களூருக்கு மாற்றப்பட்டபோது தாயும் மகளும் தங்கிய ஊர் உதகமண்டலம், சுமார் 2,240 மீட்டர். தாய் நடத்திய பொழுதுபோக்கு நாடகக் குழுவின் மேடையில், 3 வயதில், குழந்தைப் பாட்டொன்றை ஒப்புவித்தார். அதுவே அவருடைய முதல் மேடை. இரண்டு முறை ஆஸ்கார் பெற்ற நடிகையின் தொழில் வாழ்க்கையை நீலகிரியிலிருந்து எண்ணத் தொடங்கலாம் என்பது தமிழ் வாசகரில் பலருக்குத் தெரியாத செய்தி. ஒப்பிட்டுப் பார்க்க, பதுளைப் பக்கத்து அப்புத்தளையின் உயரம் 1,431 மீட்டர், பதுளை நகரம் சுமார் 680 மீட்டர். தேயிலை மலை அவருக்கு 39 வயதில் புதிதாகத் தெரிந்த காட்சி அல்ல.

6 வயதில், 1920-இல், இங்கிலாந்தின் ரோஹாம்ப்டன் கன்னிமடப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். அதே பத்தாண்டின் முடிவில் இலங்கைத் தோட்டங்களில் சட்டம் வகுத்த முதல் கூலி அட்டவணை நடைமுறைக்கு வந்தது. 1927-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்க இந்தியத் தொழிலாளர் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் 1929-இல் அமுலான அந்த அட்டவணையில் நிரல்கள் மூன்று: ஆண், பெண், சிறுவர். உயர்நிலத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். சிறுவர் கூலி ஆண் கூலியில் 59.3 வீதம். பள்ளி செல்லும் வயதுக்கு நாட்கூலி வகுத்த அட்டவணை என்பதால் இந்த எண்ணை முதலில் எழுதுகிறேன். பெண்ணின் 43 சதத்துக்குப் பிறகு வருகிறேன்.

லீ நடித்த திரைப்படங்கள் மொத்தம் 19. 1935 முதல் 1941 வரை 7 ஆண்டுகளில் வெளிவந்தவை, 1937-இல் எடுத்து 1940-இல் வெளியிட்ட ஒன்றையும் சேர்த்து, 13. 1942 முதல் 1951 வரை 10 ஆண்டுகளில் 3. 1952 முதல் 1965 வரை 14 ஆண்டுகளில் 3. முதல் கட்டத்தில் ஆண்டுக்கு 1.86 படம், கடைசிக் கட்டத்தில் 0.21. மொத்தப் படங்களில் 68.4 வீதம் அவருடைய 28 வயதுக்கு முன்பே முடிந்துவிட்டன. நடுவிலும் கடைசியிலும் உள்ள குறைவுக்கு மூன்று காரணங்களைக் காட்டலாம். மேடையை அவர் திரைக்கு மேலாக மதித்தார். 1940-களின் நடுவில் காசநோய் கண்டது. மனநோய் இடைவிட்டு இடைவிட்டு வந்தது. எந்தக் காரணம் எத்தனை படங்களை எடுத்துக்கொண்டது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் பரிந்துரை அவருக்குக் கிடைத்தது 2 முறை. வென்றதும் 2 முறை. அவருடைய இடத்தை எடுத்த டெய்லருக்குப் பரிந்துரை 5, வெற்றி 2. பரிந்துரைக்கு வெற்றி என்ற கணக்கில் லீ 100 வீதம், டெய்லர் 40 வீதம். இது திறமையின் அளவுகோல் ஆகாது. 19 படங்களில் 2 என்பதும் 10.5 வீதம்தான். ஆயினும் இரண்டாவது விருது 1951-ஆம் ஆண்டுப் படமொன்றுக்கு என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இலங்கைக்கு வந்தவர் புகழ் மங்கிய நடிகை அல்லர். சில மாதங்களுக்கு முன் தொழிலின் உச்சியில் நின்றவர்.

முதல் விருது ‘கோன் வித் தி விண்ட்’ படத்துக்கு. அதன் நாயகி ஸ்கார்லெட்டின் வேடத்துக்காக நேர்முகம் கண்ட பெண்கள் சுமார் 1,400. தெரிவானவர் 1. படத்தின் முதன்மைப் படப்பிடிப்பு 1939 ஜனவரி 26 முதல் ஜூலை 1 வரை, 157 நாட்கள். அதில் லீ வேலை செய்த நாட்கள் 125, பெற்ற ஊதியம் சுமார் 25,000 டொலர். உடன் நடித்த கிளார்க் கேபிள் வேலை செய்த நாட்கள் 71, பெற்ற ஊதியம் சுமார் 120,000 டொலர். நாளுக்கு வகுத்தால் லீக்கு 200 டொலர், கேபிளுக்கு 1,690 டொலர். மொத்தத் தொகையில் லீ பெற்றது கேபிள் பெற்றதில் 20.8 வீதம். நாட்கூலியில் 11.8 வீதம்.

இந்த 11.8 வீதம் முழுவதையும் ஆண், பெண் வேறுபாட்டின் தலையில் கட்ட முடியாது. 1939-இல் கேபிள் அமெரிக்காவின் முதல் வரிசை நட்சத்திரம். லீ அந்நாட்டுப் பார்வையாளருக்குப் புதுமுகம். ஊதியம் வேலைக்கு அல்லாமல் முன்பே சேர்ந்த பேருக்குக் கொடுக்கப்பட்டது என்பதே நியாயமான விளக்கம். வேலையின் அளவைத் தனியே பார்க்க வேறு எண் இருக்கிறது. இடைவேளை இசை நீங்கலாக 221 நிமிட நீளமுள்ள அந்தப் படத்தில் லீ திரையில் தெரியும் நேரம் சுமார் 143 நிமிடம், 64.7 வீதம். படத்தின் செலவு சுமார் 38.5 இலட்சம் டொலர். அதில் லீயின் ஊதியம் 0.65 வீதம், கேபிளின் ஊதியம் 3.1 வீதம். திரை நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கைச் சுமந்தவருக்குச் செலவில் நூற்றில் ஒன்றுகூட இல்லை.

இனி 43 சதம். 1929 அட்டவணையின்படி உயர்நிலத் தோட்டத்தில் பெண் கூலி ஆண் கூலியில் 79.6 வீதம். நடுநிலத் தோட்டத்தில் ஆணுக்கு 52, பெண்ணுக்கு 41 சதம்: 78.8 வீதம். தாழ்நிலத்தில் 50, 40: சரியாக 80 வீதம். ஊவாவின் தோட்டங்கள் எந்த உயரத்தில் இருந்தாலும் பெண்ணின் நாள் ஆணின் நாளில் ஐந்தில் நான்கு என்பதே சட்டத்தின் கணக்கு. 300 நாள் வேலை என்று கொண்டால் உயர்நிலத்து ஆணுக்கு ஆண்டுக்கு 162 ரூபா, பெண்ணுக்கு 129 ரூபா. குறைவு 33 ரூபா. ஆண் 10 நாளில் பெற்ற 5 ரூபா 40 சதத்தைப் பெண் பெறுவதற்கு 12 நாளும் இன்னும் அரை நாளுக்குச் சற்று அதிகமும் வேண்டியிருந்தது.

ஹாலிவுட்டின் 11.8 வீதத்துக்குப் பக்கத்தில் தோட்டத்தின் 79.6 வீதம் தாராளமாகத் தெரியலாம். வேலை நேரத்தைச் சேர்த்தால் அப்படித் தெரியாது. கவ்வாத்து, முள்ளுக்குத்து, கான் வெட்டு முதலிய ஆண்களின் வேலைகள் அளந்து கொடுக்கப்படுபவை. கொடுத்த அளவை முடித்தவர் மதியத்தோடு லயத்துக்குத் திரும்பலாம். கொழுந்து பறிக்கும் பெண் மாலை நிறுவை வரை மலையில் நிற்பாள். ஆண் 6 மணி நேரத்தில் முடித்து பெண் 9 மணி நேரம் நின்றாள் என்று எடுத்துக்கொண்டு பார்த்தால், ஆணின் மணிக்கூலி 9 சதம், பெண்ணின் மணிக்கூலி 4.8 சதம். விகிதம் 79.6-இலிருந்து 53.1 வீதமாக இறங்குகிறது. இந்த 6, 9 என்பவை கணக்கைக் காட்ட நான் வைத்த அளவுகள்; தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் அவை மாறும். எந்தத் திசையில் மாறும் என்பதை மலையில் வேலை செய்த எந்தக் குடும்பத்துக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சோறாக்குவது, தண்ணீர் தூக்குவது, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு எடுப்பது ஆகிய எதற்கும் செக்ரோலில் நிரல் கிடையாது.

லீயின் ஊதியத்துக்குத் திரும்புவோம். 1949 அக்டோபரில் லண்டன் ஓல்ட்விச் அரங்கில் ‘எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிஸையர்’ நாடகத்தில் பிளான்ச் வேடம் ஏற்றார். இயக்கியவர் கணவர் லாரன்ஸ் ஒலிவியர். மொத்தம் 326 முறை அந்த வேடத்தில் மேடையேறினார். பிறகு அதே வேடம், 1951-ஆம் ஆண்டுப் படத்தில். அதற்கு அவர் பெற்ற ஊதியம் 100,000 டொலர் என்றும், உடன் நடித்த மார்லன் பிராண்டோ பெற்றது 75,000 டொலர் என்றும் வரலாறுகளில் பதிவாகியிருக்கிறது. விகிதம் 133.3 வீதம். 12 ஆண்டுகளில் 20.8 வீதம் 133.3 வீதமானது. இப்போது முன்பே சேர்ந்த பேர் லீயிடம் இருந்தது. பிராண்டோ திரைக்குப் புதியவர். 1939-இல் கேபிளுக்குப் பொருந்திய விதி 1951-இல் லீக்குப் பொருந்தியது. திரையில் ஒரு பெண்ணின் பேர் ஏறலாம், ஏறினால் அவளுடைய நாளின் விலையும் ஏறலாம் என்பதற்கு இது சான்று.

இன்னும் 12 ஆண்டு கழித்து, 1963-இல் வெளிவந்த ‘கிளியோபாட்ரா’ படத்துக்கு எலிசபெத் டெய்லர் செய்த ஒப்பந்தம் 10 இலட்சம் டொலர். 1939-இல் 25,000, 1951-இல் 100,000, 1963-இல் 1,000,000: முதல் 12 ஆண்டில் 4 மடங்கு, அடுத்த 12 ஆண்டில் 10 மடங்கு. விலைவாசியைக் கழிக்க வேண்டும். அமெரிக்க நுகர்வோர் விலைச் சுட்டெண் 1939-இல் 13.9, 1951-இல் 26.0, 1963-இல் 30.6. 1939-ஆம் ஆண்டு டொலரில் மாற்றினால் 1951-இன் 100,000 என்பது சுமார் 53,500. 1963-இன் 10 இலட்சம் என்பது சுமார் 454,000. விலைவாசி நீங்கலாகவும் 24 ஆண்டுகளில் 18 மடங்கு. இதில் இருவரின் கணக்கு கலந்திருக்கிறது என்பதை மறைக்கவில்லை. லீ விட்ட வேடத்தை எடுத்தவரே லீ விட்ட விலையையும் மேலே கொண்டுசென்றார்.

தோட்டத்தில் அதே நகர்வுக்கு எடுத்த காலம் 55 ஆண்டு. 1929-இல் 79.6 வீதம், ஆண், பெண் நாட்கூலி சமமானது 1984-இல். இடையில் தொகைகள் பலமுறை மாறின, விகிதமும் அசைந்தது, வேறுபாடு மட்டும் நீங்கவில்லை. 1929-இல் 15 வயதில் மலையேறிய பெண் ஒருத்தி சமக் கூலியைப் பார்க்க 70 வயது வரை வேலையில் இருந்திருக்க வேண்டும். ஹாலிவுட்டில் தனி ஒருவரின் பேர் அவருடைய விலையை உயர்த்தியது. தோட்டத்தில் தனிப் பேரால் எதுவும் உயரவில்லை, ஏனெனில் அட்டவணையில் பேர்கள் இல்லை, நிரல்கள் மட்டுமே இருந்தன. 1984 சமத்துவத்தைத் தொழிற்சங்கங்கள் கேட்டுப் பெற்றன; நிரலை நிரலோடு சேர்ப்பதுதான் அவர்களுக்கு இருந்த ஒரே வழி.

‘எலிஃபண்ட் வோக்’ எடுத்த ஆண்டில் இங்கே வேறு எண்களும் மாறிக்கொண்டிருந்தன. 1953 ஜூலை வரவுசெலவுத் திட்டம் அரிசியின் விலையைக் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியது. உயர்வு 180 வீதம். ஆகஸ்ட் 12-இல் நாடு தழுவிய ஹர்த்தால் நடந்தது. தோட்ட மக்கள் பெரும்பாலும் அதில் சேரவில்லை. 1947 தேர்தலில் தெரிவான 95 உறுப்பினர்களில், தோட்ட மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸின் உறுப்பினர்கள் 7 பேர். பதுளைத் தொகுதியில் வென்ற எஸ். எம். சுப்பையா அவர்களுள் ஒருவர். 1952 தேர்தலில் அந்த எண்ணிக்கை 0. 1949-இல் போன வாக்குரிமை இல்லாமல் நடந்த அந்தத் தேர்தலுக்கு அடுத்த ஆண்டில் அரிசி விலை 2.8 மடங்கானது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு காட்டுவது கடினம். ஆனால் சபையில் அதைத் தம் வாயால் கேட்க 7 பேரில் ஒருவரும் அங்கே இருக்கவில்லை.

1953-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் ‘இந்தியத் தமிழர்’ என்று பதிவான மலையகத் தமிழர்கள் 974,098 பேர், நாட்டின் மக்களில் 12 வீதம். 1949-ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் சுமார் 825,000 பேருக்காக விண்ணப்பம் செய்யப்பட்டது. குடியுரிமை பெற்றவர்கள் சுமார் 134,000 பேர், 16.2 வீதம். 100 பேர் கேட்டால் 84 பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள். இங்கேயே பிறந்தவர்கள் தந்தை எங்கே பிறந்தார் என்று காகிதம் காட்ட வேண்டியிருந்தது. லீயும் இந்தியாவில் பிறந்தவர். பிரித்தானியக் குடிமகளாக இருக்க அவர் விண்ணப்பம் எதுவும் போட வேண்டியிருக்கவில்லை. 1981 மதிப்பில் 974,098 என்பது 818,656 ஆகவும், 12 வீதம் 5.5 வீதமாகவும் இறங்கியிருந்தது. 1964 அக்டோபர் 30 ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு என்று எழுதப்பட்டவர்கள் 525,000 பேர்; அவர்களில் அதற்குள் அனுப்பப்பட்டவர்களே அந்த இறக்கத்துக்கு முதன்மைக் காரணம். 2012 மதிப்பில் பதுளை மாவட்டத்தின் 815,405 பேரில் மலையகத் தமிழர் 150,484 பேர்: 18.5 வீதம். அப்போது நாட்டிலிருந்த மலையகத் தமிழரில் ஆறில் ஒருவருக்கு மேல் இந்த மாவட்டத்தில் இருந்தார்.

1953 மார்ச்சில் இங்கிலாந்து திரும்பிய லீ 14 ஆண்டும் 4 மாதமும் வாழ்ந்தார். 1960-இல் ஒலிவியரிடமிருந்து மணவிலக்கு. 20 ஆண்டு மணவாழ்வு முடிந்தது. 1963-இல் இசை நாடகமொன்றுக்கு டோனி விருது. 1967 ஜூலை 8-இல், காசநோய் மீண்டும் முற்றி, 53 வயதில் லண்டனில் இறந்தார். நோய் கண்டதற்கும் இறப்புக்கும் இடையில் 20 ஆண்டுகளுக்கு மேல். நோயோடு அவர் செய்த படங்கள் 5, மேடை நாடகங்கள் அதைவிடப் பல. மத்திய லண்டன் அரங்குகள் ஒரு மணி நேரம் விளக்கணைத்து அஞ்சலி செய்தன. நோயுள்ள உடம்போடு 326 முறை ஒரே வேடத்துக்கு ஏறிய பெண்ணை, ஆண்டுக்கு 300 நாள் ஒரே மலைக்கு ஏறும் பெண்கள் புரிந்துகொள்ளத் தடையேதும் இல்லை என்றே நினைக்கிறேன்.

அவர்களுடைய வேலையின் அளவு கிலோவில் இருக்கிறது. அண்மை ஆண்டுகளில் பல தோட்டங்களில் ஒரு பேருக்குக் கேட்கப்படும் கொழுந்து நாளொன்றுக்கு 18 கிலோ. சில இடங்களில் கூடவோ குறையவோ இருக்கும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் சேர்ந்த கொழுந்து ஒன்று 1 கிராம் என்று தாராளமாக வைத்தாலும் 18 கிலோவுக்கு 18,000 கொழுந்து. 8 மணி நேரம் இடைவிடாமல் பறித்தால் 1.6 விநாடிக்கு ஒன்று. படம் ஓடும் வேகம் விநாடிக்கு 24 சட்டகம். லீயின் 143 நிமிடத்தில் அவர் பதிவான சட்டகங்கள் சுமார் 206,000. ஒரு கொழுந்துக்காரியின் விரல்கள் 12-ஆம் நாளில் அந்த எண்ணைக் கடந்துவிடும். சட்டகங்கள் ஒவ்வொன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. கொழுந்து அன்று மாலையே ஸ்டோருக்குப் போய், 4.5 கிலோவுக்கு 1 கிலோ என்ற அளவில் தூளாகிறது. அவளுடைய 18 கிலோ 4 கிலோ தேயிலை.

ஊவாவுக்கு என்று ஒரு கணக்கு தனியே உண்டு. ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று மலையின் இந்தப் பக்கத்தை உலர்த்தும்போது, ஊவாத் தேயிலைக்கு அதன் பேர் பெற்ற வாசம் ஏறுகிறது. கொழும்பு ஏலத்தில் அதற்கு நல்ல விலை கிடைக்கும் மாதங்கள் அவை. அதே வறட்சியில் செடி கொழுந்து விடுவது மெதுவாகிறது. தேயிலையின் விலை உயரும் வாரங்களில் கூடையின் நிறை குறைகிறது. கிலோவால் அளக்கப்படும் பெண்ணுக்கு அரைப்பேர் விழும் நாட்கள் கூடுகின்றன. உலகச் சந்தையில் ஊவாவின் பேர் முழுதாக இருக்கும் பருவமே செக்ரோலில் அவள் பேர் பாதியாகும் பருவம். இதற்கு மாவட்ட அளவில் கூட்டுத்தொகை எழுதினால் தெளிவாக இருக்கும். அந்தக் கூட்டலுக்கான எண்கள் தோட்டங்களின் செக்ரோல்களிலேயே இருக்கின்றன.

கூலியின் தொகை 2016-இல் அடிப்படை 500 ரூபா, 2019-இல் 700, 2021-இல் கொடுப்பனவும் சேர்த்து 1,000, 2024-இல் 1,350. 8 ஆண்டில் 170 வீத உயர்வு. இடையில் 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி ஓராண்டுப் பணவீக்கம் 69.8 வீதம், அந்த ஒரே ஆண்டில் 1,000 ரூபாக் கூலியின் வாங்கும் வலு 589 ரூபாவாகச் சுருங்கியது. 2024-இல் கொழும்பு ஏலத்தில் ஒரு கிலோ தேயிலையின் சராசரி விலை 1,000 ரூபாவைத் தாண்டியிருந்தது. 18 கிலோ கொழுந்தின் 4 கிலோ தேயிலைக்குக் குறைந்தது 4,000 ரூபா. அதில் பறித்தவளின் 1,350 ரூபா அதிகம் போனால் 33.8 வீதம். உரம், எரிபொருள், போக்குவரத்து, ஸ்டோர் கூலி எல்லாம் மீதியிலிருந்து போக வேண்டும் என்பதால், இந்த எண்ணை வைத்துக் கம்பனியின் இலாபத்தைச் சொல்ல முடியாது. கொழுந்துக்கு அவள் 2024-இல் பெற்ற விலை கிலோ 75 ரூபா என்பதை மட்டும் சொல்லலாம்.

ஆண், பெண் கூலி 1984 முதல் காகிதத்தில் 100 வீதம். அந்த 100-ஐ எட்ட வைக்கப்பட்ட 18 கிலோ, பெரும்பாலும் கொழுந்து பறிப்பவர் பெண் என்பதால், பெரும்பாலும் பெண்ணுடைய நிபந்தனை. 1939-இல் லீயின் 125 நாளில் மழையால், வெளிச்சக் குறைவால், எத்தனை காட்சி எடுக்க முடிந்தது என்பதால் அவருடைய நாள் பாதியாக வெட்டப்படவில்லை. 1953-இல் அவர் இலங்கையில் நடித்த காட்சிகள் 103 நிமிடத்துக்குள் இன்னும் இருக்கின்றன. எழுத்தோட்டத்தில் அவருக்கு அரைப்பேரும் இல்லை.

மாலை நிறுவையில் 17 கிலோ காட்டும் பெண்ணுக்குக் குறைவு 1 கிலோ, 5.6 வீதம். அரைப்பேர் போடும் தோட்டத்தில் அதற்கு அவள் கூலியில் கழிவது 50 வீதம்; 2024-ஆம் ஆண்டுக் கூலியில் அது 675 ரூபா. அவள் பறித்த 17 கிலோவும் நிறுத்து முடிந்து ஸ்டோருக்குப் போகிறது.